சொந்த நெல்லைப் புழுங்கல் அரிசியாக்க: டெல்டாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஓய்வு பெற்றோ, நகரத்து வேலையை விட்டோ டெல்டாவுக்குக் குடிவந்திருப்பீர்கள். சொந்த வயலில் விளைந்ததோ, குத்தகைக்கு அளந்து கொடுத்ததோ, வீட்டுத் தாழ்வாரத்தில் நெல் மூட்டைகள் அடுக்கியிருக்கும். அதை வியாபாரிக்குப் போட்டுவிட்டுக் கடையில் அரிசி வாங்க மனம் வராது. நம் நெல்லை நாமே அவித்து, அரைத்து, சோறாக்கிச் சாப்பிட வேண்டும் என்று நினைப்பீர்கள். நல்ல ஆசைதான், செய்து முடிக்கவும் முடியும். ஆனால் நெல்லுக்கும் சோற்றுக்கும் நடுவே உள்ள வேலைகளை யாரும் வரிசையாகச் சொல்லித்தர மாட்டார்கள். ஊரில் யாரைக் கேட்டாலும் “அவிச்சுக் காயவச்சு அரைச்சா அரிசி” என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். எத்தனை மணி ஊற வேண்டும், வெந்ததை எப்படிப் பார்ப்பது, மில்லில் எதையெல்லாம் முன்கூட்டிப் பேசிக்கொள்வது என்பதை எல்லாம் நான் அலைந்து அலைந்துதான் தெரிந்துகொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

வேலைக்குள் போகும் முன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அரிசி நல்லதா கெட்டதா என்பது பெரும்பாலும் ஊறலிலும் காய்ச்சலிலும் முடிவாகிவிடுகிறது. அடுப்பும் மில்லும் அதற்கு அப்புறம்தான்.

1. “பார்பாயில்” என்றால் எது என்று தெளிவாகிக்கொள்ளுங்கள்

இணையத்தில் தேடும்போதும், மில் இயந்திரக் கையேட்டைப் படிக்கும்போதும் பார்பாயில் என்ற ஆங்கில வினை வந்துகொண்டே இருக்கும். இது இரண்டு இடங்களில் இரண்டு வேலையைக் குறிக்கிறது. தெரியாமல் போனால் சமையலும் கெடும், வாங்கும் பொருளும் மாறும்.

சமையல் குறிப்பில் பார்பாயில் என்றால் கொதிநீரில் பாதி வேகவைத்து எடுப்பது. உருளைக்கிழங்கை வறுப்பதற்கு முன் பாதி வேகவைப்பதும், பிரியாணிக்கு தம் போடுவதற்கு முன் பாசுமதியை முக்கால் பதத்தில் வடிப்பதும் இந்த வேலைதான். மீதி வேக்காடு அடுத்த கட்டத்தில் நடக்கும். பிளான்ச் என்பது வேறு: கொதிநீரில் சிறிது நேரம் போட்டு உடனே குளிர்ந்த நீருக்கு மாற்றுவது. தக்காளித் தோல் உரிக்க அதைச் செய்வார்கள்.

நெல் தொழிலில் பார்பாயில் என்றால் உமியோடு இருக்கும் நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, திரும்பக் காயவைப்பது. உள்ளே இருக்கும் மாவுச்சத்து கூழாகிக் கெட்டிப்பட்டு, காய்ந்ததும் கண்ணாடிபோல் ஆகிவிடும். பாக்கெட்டில் “பார்பாயில்டு ரைஸ்” என்று இருந்தால் அது நம் புழுங்கல் அரிசி. ஆங்கிலக் குறிப்பில் “அரிசியை பார்பாயில் செய்யவும்” என்று இருந்தால் பச்சரிசியைப் பாதி வேகவைக்கச் சொல்கிறார்கள் என்று பொருள், புழுங்கல் அரிசியைப் போடச் சொல்லவில்லை. இதற்கு மேல் அந்தச் சொல் நமக்குத் தேவைப்படாது. இனி அவித்தல் என்றே சொல்கிறேன்.

2. எந்த நெல், எந்த மாதம், எவ்வளவு

முதலில் கையில் இருக்கும் நெல் எந்த ரகம் என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். குத்தகைக்காரர் மூட்டையைப் போட்டுவிட்டுப் போய்விட்டால் அப்புறம் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆடுதுறை 37, ஏஎஸ்டி 16, சிஆர் 1009 போன்றவை குண்டு ரகங்கள். இட்லிக்கும் கனமான சாப்பாட்டுக்கும் நன்றாக இருக்கும். பிபிடி 5204 போன்ற சன்ன ரகங்கள் சாப்பாட்டுக்கு. மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார் போன்ற சிவப்பு ரகங்களை அவித்து, தவிடு அதிகம் போகாமல் அரைப்பதுதான் முறை. சீரகச் சம்பாவை மட்டும் அவிக்க அவசரப்படாதீர்கள். அவித்தால் அதன் மணம் குறைந்துவிடும், பச்சரிசியாகவே அரைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ரகத்தை ஒன்றாக அவிக்கவே கூடாது. சன்னம் சீக்கிரம் ஊறும், குண்டு தாமதமாக ஊறும். ஒன்று வெடித்துப் போயிருக்கும்போது மற்றொன்றின் நடுவில் வெள்ளை நிற்கும்.

மாதம் மிகவும் முக்கியம். குறுவை அறுப்பு புரட்டாசி, ஐப்பசியில் வரும். அதை அடுத்து வடகிழக்குப் பருவமழை. அந்த நேரத்தில் அவித்த நெல்லைக் காயவைக்கக் களத்தில் வெயில் இருக்காது. குறுவை நெல் கைக்கு வந்தால் பச்சை நெல்லாகவே நன்றாகக் காயவைத்து மூட்டை கட்டி வைத்துவிடுங்கள். சம்பா, தாளடி அறுப்பு தை, மாசியில் முடியும். மாசி நடுவிலிருந்து சித்திரை வரைக்கும் அவிப்பதற்கு ஏற்ற காலம். பனி விலகியிருக்கும், வெயிலும் உறைத்திருக்கும், மழை பயம் குறைவு. ஆண்டு முழுவதற்கும் தேவையானதை ஒரே தடவையில் அவிக்க வேண்டும் என்பதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவித்து அரைப்பதே அரிசிக்கு நல்லது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்கு வேண்டியதைப் புரட்டாசிக்கு முன்பே முடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நெல் ஒதுக்குவது? மாதம் 30 கிலோ அரிசி செலவாகும் வீடு என்றால் ஆண்டுக்குச் சுமார் 550 கிலோ நெல் வேண்டும். மூட்டைக் கணக்கில் பேசும்போது எத்தனை கிலோ மூட்டை என்று கேட்காமல் தலையாட்டாதீர்கள். அரசு கொள்முதல் நிலையத்தில் சிப்பம் 40 கிலோ. வெளி வியாபாரத்தில் 60 கிலோவுக்குச் சற்று மேலும் கீழுமாக வரும். கூலி பேசும்போது இந்த வித்தியாசம் கணிசமாக அடிக்கும்.

3. வீட்டில் அவிப்பதா, மில்லில் கொடுப்பதா

20, 40 கிலோ என்றால் வீட்டில் செய்யலாம். கற்றுக்கொள்ளவும் அதுதான் வழி. 500 கிலோவுக்கு மேல் என்றால், அவியல் தொட்டியும் களமும் வைத்திருக்கும் மில்லைத் தேடுங்கள்.

டெல்டாவில் மில்கள் மூன்று வகையாக இருக்கும். நெல்லைத் தானே வாங்கி அரிசியாக்கி விற்கும் பெரிய மில் உங்கள் நெல்லைத் தனியாக எடுக்காது. கூலி அரவை செய்யும் சிறிய மில் அரைத்து மட்டும் தரும்; அவித்துக் காயவைத்து நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். அவியலும் காய்ச்சலும் அரவையும் சேர்த்துச் செய்யும் நடுத்தர மில்கள் குறைந்து வருகின்றன. இருக்கிற இடத்தில் ஒரு தொட்டி நிறையும் அளவுக்கு நெல் இருந்தால்தான் எடுப்பார்கள். அந்தக் குறைந்தபட்ச அளவு எவ்வளவு என்பதைத்தான் முதல் கேள்வியாகக் கேட்க வேண்டும். உங்களிடம் அவ்வளவு இல்லையென்றால் “பக்கத்து வீட்டு நெல்லோடு சேர்த்துப் போட்டுடலாம்” என்பார்கள். அதே ரகமாக இருந்து, அந்த வீட்டுக்காரரும் சம்மதித்தால் மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பொறி: “நெல்லைப் போட்டுட்டு அரிசியை எடுத்துக்குங்க” என்பது. கேட்கச் சுலபமாக இருக்கும். ஆனால் கையில் கிடைப்பது உங்கள் நெல் அரிசி கிடையாது. ரசாயனம் போடாமல் பயிரிட்ட நெல்லையோ, பாரம்பரிய ரகத்தையோ இப்படி மாற்றிக்கொண்டு வந்து வருந்தியவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

4. ஊறவைத்தல்

இனி வருவது வீட்டு அளவுக்கானது, 20 கிலோ நெல்லுக்குக் கணக்கு சொல்கிறேன். மில்லில் கொடுப்பவர்களும் இதைப் படித்துவிடுங்கள். என்ன நடக்கிறது என்று தெரிந்தவர் பக்கத்தில் நின்றால் அங்கே வேலை ஒழுங்காக நடக்கும்.

20 கிலோ நெல் ஏறக்குறைய 35 லிட்டர் இடத்தை அடைக்கும். தண்ணீரும் சேர வேண்டும் என்பதால் 60 லிட்டர் அண்டா வேண்டும். தண்ணீர் 25 லிட்டர். நெல்லை முதலில் சாதாரணத் தண்ணீரில் கொட்டிக் கிளறி, மேலே மிதக்கும் பதரையும் கருக்காயையும் அரித்து எடுத்துவிடுங்கள். இதை விட்டுவிட்டால் அரிசியில் கறுப்பு மணிகள் வரும்.

பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தால் ஒரு நாளிலிருந்து இரண்டு நாள் வரை ஆகும். அதற்குள் தண்ணீர் புளித்துப்போகும். சில புழுங்கல் அரிசியில் வரும் அந்த வாடை இங்கேதான் ஏறுகிறது. கழுவினாலும் போகாது, சோறு வெந்த பிறகும் மூக்கில் அடிக்கும். பச்சைத் தண்ணீர்தான் வழி என்றால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றியே ஆக வேண்டும்.

என் சிபாரிசு சூட்டு ஊறல். தண்ணீரைக் கொதி வருவதற்குச் சற்று முன்பு, 85 டிகிரி வாக்கில் இறக்கி, அதில் நெல்லைக் கொட்டிக் கிளறுங்கள். நெல் சேர்ந்ததும் சூடு 70 டிகிரிக்கு வந்து நிற்கும். சமையலறை வெப்பமானி ஒன்று வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். கையை வைத்துப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. மேலே ஈரச்சாக்கைப் போட்டு மூடி, அண்டாவைச் சுற்றியும் சாக்கைக் கட்டிவிட்டால் சூடு நிற்கும். மூன்றரை மணியிலிருந்து நான்கு மணி நேரத்தில் ஊறிவிடும். இடையில் 60 டிகிரிக்குக் கீழே இறங்கினால் மெல்லிய தீயில் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள். 75 டிகிரியைத் தாண்டவிட்டால் உமி அப்போதே பிளந்து கஞ்சி வெளியேறத் தொடங்கும்.

பழைய முறையில் மாலையில் நெல்லும் தண்ணீருமாகச் சூடேற்றி, இரவு அப்படியே விட்டு, காலையில் வடித்து அவிப்பார்கள். அதிலும் நல்ல அரிசி வரும், செய்து பழகிய கை வேண்டும். புதியவர்கள் அப்படிச் செய்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் நெல் இரவு முழுக்கக் கிடந்து வாடை பிடித்துக்கொள்கிறது. காலை ஆறு மணிக்கு ஊறவைத்துப் பத்து மணிக்கு அவியல் என்று வைத்துக்கொண்டால் கண்ணெதிரே முடிந்துவிடும், பகல் வெயிலும் மிச்சம் இருக்கும்.

ஊறிவிட்டதா என்று பார்க்க, நாலைந்து நெல்லை எடுத்து உமியை நகத்தால் உரித்து, அரிசியைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் சுண்ணாம்புப் புள்ளிபோல் வெள்ளை நின்றால் இன்னும் அரை மணி விடுங்கள். அண்டாவின் மேல், நடு, அடி என மூன்று இடத்திலிருந்தும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஊறிய தண்ணீரைக் கீழ்த்தெருச் சாக்கடையில் விட்டால் நாற்றம் எடுத்துச் சண்டை வரும். ஆறவைத்துத் தென்னை மரத்தடியில் பிரித்து ஊற்றிவிடுங்கள்.

5. அவித்தல்

தண்ணீரைச் சுத்தமாக வடித்துவிட்டு, அண்டாவின் அடியில் ஓட்டைத் தட்டு ஒன்றைத் தூக்கிவைத்து, அதற்குக் கீழே மட்டும் தண்ணீர் நிற்கும்படி ஊற்றுங்கள். தட்டு இல்லாவிட்டால் குச்சிகளைக் குறுக்கே அடுக்கி, மேலே வைக்கோல் பரப்பிச் சாக்கு விரிக்கலாம். அதன் மேல் நெல்லைக் கொட்டி, ஈரச்சாக்கால் மூடி, நன்றாகத் தீ வையுங்கள். நெல்லை அமுக்கக் கூடாது. ஆவி ஏற இடம் வேண்டும்.

மேலே போட்ட சாக்கின் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆவி ஒரே சீராக வரத் தொடங்கியதிலிருந்து நேரத்தை எண்ணுங்கள். பத்து முதல் பதினைந்து நிமிடம் போதும். நெல்லின் மூக்குப் பக்கம் உமி லேசாக வாய் திறந்திருந்தால் பதம் சரி. உமி அகலப் பிளந்து அரிசி பிதுங்கி வந்தால் அதிகம் வெந்துவிட்டது. நிறம் பழுப்பேறும், காய்ந்தாலும் கட்டி கட்டியாக நிற்கும். வாயே திறக்காமல் இருந்தால் அரைவேக்காடு. மில்லில் நொய்யாக உடையும்.

பதம் வந்ததும் உடனே கொட்டிப் பரப்பிவிடுங்கள். சூட்டோடு குவியலாகக் கிடந்தால் அதற்குள்ளேயே வெந்து நிறம் மாறிவிடும். அதனால் அடுப்பு மூட்டும் முன்பே தார்ப்பாய் விரித்து, கொட்ட இரண்டு பேரைத் தயாராக வைத்திருங்கள். கொதிக்கும் அண்டாவைத் தனியாளாகச் சாய்க்க முயலாதீர்கள். தீக்காயம் பட்டவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பட்டிருக்கிறார்கள்.

6. காயவைத்தல்: இங்கே அவசரப்பட்டால் எல்லாம் போயிற்று

அவித்த நெல்லில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எடை தண்ணீர்தான். அதை 14 சதவீதத்துக்கு இறக்க வேண்டும். “நல்ல வெயில் அடிக்குது, ஒரே நாள்ல காஞ்சுடும்” என்று கொளுத்தும் சிமெண்டுக் களத்தில் மெல்லியதாகப் பரப்பிவிட்டால் மேல்புறம் சட்டென்று காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும். அரிசிக்குள் மயிரிழைபோல் விரிசல் ஓடும். வெளியே ஒன்றும் தெரியாது. மில்லில் போட்ட பிறகுதான் பாதிக்குப் பாதி நொய்யாகக் கொட்டுவது தெரியும். அப்போது எல்லோரும் மில்காரரைத் திட்டுவார்கள். குற்றம் களத்தில் நடந்திருக்கும்.

இரண்டு கட்டமாகக் காயவையுங்கள்.

முதல் கட்டம்: இரண்டு விரல் தடிமனுக்குப் பரப்பி, முதல் ஒரு மணி நேரம் நிழலில் ஆவி போக ஆறவிட்டு, அப்புறம் வெயிலுக்கு மாற்றுங்கள். அரை மணிக்கு ஒரு முறை காலாலோ பலகையாலோ துழாவிவிட வேண்டும். நெல்லைக் கையில் அள்ளினால் ஒட்டாமல் உதிரும், கடித்தால் இன்னும் மெத்தென்றுதான் இருக்கும். அந்த நிலையில் நிறுத்திவிடுங்கள்.

அதற்கப்புறம் குவித்து, சாக்கால் மூடி, சில மணி நேரம் அப்படியே விடுங்கள். மாலையில் குவித்தால் மறுநாள் காலை வரை விட்டுவிடலாம். உள்ளே இருக்கும் ஈரம் மெல்ல வெளிப்புறத்துக்கு வரும். இப்படிக் குவித்து வைக்காமல் காயவைத்தவர்களுக்கும் குவித்து வைத்தவர்களுக்கும் மில் வாசலில் வித்தியாசம் கண்கூடாகத் தெரிகிறது. மில்லில் கொடுத்திருந்தால் “குவிச்சு வச்சீங்களா?” என்று கட்டாயம் கேளுங்கள்.

இரண்டாவது கட்டம்: மறுநாள் காலை வெயிலில் மறுபடி பரப்பி, துழாவி, உச்சி வெயிலுக்கு முன்போ சற்றுப் பின்போ முடித்துவிடலாம். உமியை உரித்து அரிசியைப் பல்லில் வைத்துக் கடித்தால் ‘டக்’ என்று இரண்டாக உடைய வேண்டும். நசுங்கினால் ஈரம் இருக்கிறது. பொடியாகச் சிதறினால் அதிகம் காய்ந்துவிட்டது. பல்லை நம்ப முடியாதவர்கள் ஈரப்பதமானி வைத்திருக்கும் இடத்தில் ஒரு கைப்பிடி கொடுத்துப் பார்க்கலாம். தெரிந்த நெல் வியாபாரிகளிடமும் பல மில்களிலும் அந்தக் கருவி இருக்கும்.

இடம் பற்றி ஒரு வார்த்தை. அறுப்புக் காலத்தில் தார்ச்சாலையில் நெல் காய்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வழக்கத்தைப் பின்பற்ற வேண்டாம். தார்த்துகளும் கல்லும் சேரும், இரவில் மோட்டார் சைக்கிளில் வருபவர் சறுக்கி விழுவார். அவித்த நெல் உமி திறந்திருப்பதால் அழுக்கை இன்னும் சுலபமாக வாங்கிக்கொள்ளும். ஊராட்சியின் உலர்களம் இருந்தால் முன்பே சொல்லிவைத்து வாங்குங்கள். கொள்முதல் நடக்கும் நாட்களில் அது காலியாக இருக்காது. 20 கிலோவுக்கு வீட்டு மொட்டை மாடியும் சுத்தமான தார்ப்பாயும் போதும். ஆடு, கோழி, புறா மூன்றுக்கும் காவல் ஒருவர் வேண்டும்.

பாதி காய்ந்திருக்கும்போது மழை வந்துவிட்டால் ஈர நெல்லைச் சாக்கில் கட்டி அடுக்கிவிடாதீர்கள், இரவுக்குள் சூடேறிப் பூசணம் பிடிக்கும். கூடத்தில் பரப்பி மின்விசிறியைப் போட்டுவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை துழாவிக்கொண்டிருங்கள்.

7. அரவை

காய்ந்த நெல்லைச் சூடு ஆறியதும் மூட்டை கட்டி, ஒரு நாளாவது வைத்திருந்து மில்லுக்குக் கொண்டுபோங்கள். களத்திலிருந்து சூட்டோடு கொண்டுபோய் இயந்திரத்தில் போட்டால் உடையும்.

ஹல்லர் என்னும் பழைய இயந்திரத்தில் உமியும் தவிடும் ஒன்றாகத் தேய்ந்து வரும், நொய்யும் அதிகம். ரப்பர் உருளை வைத்த இயந்திரத்தில் உமி தனியாகக் கழன்றுவிடும், தவிடு அடுத்த கட்டத்தில் தனியாக வரும். இரண்டும் பக்கத்தில் இருந்தால் ரப்பர் உருளை மில்லுக்கே போங்கள், கூலி கூட இருந்தாலும் பரவாயில்லை.

மூட்டையை இறக்கும் முன் மூன்று விஷயம் பேசுங்கள். எத்தனை பாலிஷ் வேண்டும் என்பது முதலாவது. ஒன்றும் சொல்லாவிட்டால் கடை அரிசிபோல் வெள்ளையாக்கித் தருவார்கள். சிவப்பு ரகம் என்றால் உமி மட்டும் நீக்கிக் கேளுங்கள். சாப்பாட்டு அரிசி என்றால் லேசாக ஒரு பாலிஷ் போதும். அவித்த அரிசியில் தவிட்டில் இருந்த பி வைட்டமினில் ஒரு பகுதி உள்ளே இறங்கியிருக்கும்; அதையும் தீட்டித் தள்ளிவிடாதீர்கள். இரண்டாவது, இயந்திரத்தைக் காலியாக ஓட்டச் சொல்வது. முந்தைய ஆளின் அரிசி குழிக்குள்ளும், அதை மேலே ஏற்றும் தூக்கியிலும் தங்கியிருக்கும். எங்கள் சிவப்பரிசியில் முன்னால் அரைத்தவரின் வெள்ளை அரிசி கலந்து வந்தது. அதிலிருந்து ஐந்து நிமிடம் காலியாக ஓட்டிய பிறகுதான் கொட்டச் சொல்கிறேன், யாரும் மறுத்ததில்லை. மூன்றாவது, தவிடும் உமியும் நொய்யும் யாருக்கு என்பது. இதை அடுத்ததில் சொல்கிறேன்.

அரைத்து முடியும் வரைக்கும் அங்கேயே இருங்கள். “சாயங்காலம் வந்து எடுத்துக்குங்க” என்பது நல்லெண்ணத்தில் சொல்வதாகவே இருக்கலாம், இருந்தாலும் வேண்டாம். காலையில் முதல் ஆளாகப் போனால் சீக்கிரம் முடியும். கொள்முதல் மும்முரமாக நடக்கும் மாசியில் மில்காரருக்கு நேரமே இருக்காது. மின்தடை அறிவித்திருக்கிறார்களா என்றும் முந்தைய நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

8. செலவும் எடையும்

கூலி ஊருக்கு ஊர், மில்லுக்கு மில் மாறுகிறது. ஆகவே எப்படிக் கேட்பது என்று சொல்கிறேன். அவியல் கூலி, களக் கூலி, அரவைக் கூலி, ஏற்றிறக்குக் கூலி, வண்டி வாடகை என்று ஐந்தாகப் பிரித்துக் கேளுங்கள். மொத்தமாகச் சொல்லும் தொகையில் எது சேர்ந்திருக்கிறது, எது கடைசியில் தனியாக வரும் என்பது அப்போது தெரிந்துவிடும். நெல் எடைக்கா அரிசி எடைக்கா கூலி என்பதையும் கேளுங்கள். தவிட்டை மில்லே எடுத்துக்கொண்டால் அரவைக் கூலியில் குறைக்க வேண்டும். மாடு, கோழி வைத்திருப்பவர்களுக்குத் தவிடும் நொய்யும் பணம்தான்.

எடை இப்படி வரும். சுத்தமான, காய்ந்த 100 கிலோ நெல்லில் உமி 20 கிலோ வாக்கில் போகும். தவிடு, பாலிஷைப் பொறுத்து 5 முதல் 8 கிலோ. அரசு தன் நெல்லை அரவைக்குக் கொடுக்கும்போது புழுங்கலுக்கு 68 கிலோ, பச்சரிசிக்கு 67 கிலோ என்று கணக்கு வைத்திருக்கிறது. சிறிய மில்லில் 100 கிலோவுக்கு 62, 65 என்று வந்தால் குறை சொல்ல முடியாது. 60க்கும் கீழே போனால் ஏன் என்று நின்று கேளுங்கள்.

இந்தக் கணக்கை அவித்துக் காயவைத்த பிறகு உள்ள எடையிலிருந்துதான் போட வேண்டும். 17 சதவீத ஈரத்தில் வாங்கிய 100 கிலோ நெல் 14 சதவீதத்துக்குக் காய்ந்தால் 96 கிலோ சொச்சம்தான் இருக்கும். பதர் நீக்கியதும் போக இன்னும் குறையும். இது தெரியாமல் மில்லில் எடை திருட்டு என்று சண்டைக்கு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூட்டையை இறக்கியதும் சீட்டு வாங்குங்கள். பெயர், ரகம், மூட்டை எண்ணிக்கை, எடை, தேதி, பேசிய கூலி ஆகியவை அதில் இருக்க வேண்டும். சாக்கில் பெயிண்டால் உங்கள் அடையாளத்தைப் போட்டுவிடுங்கள். கொள்முதல் காலத்தில் நெல் ஏற்றிய வண்டியை வழியில் நிறுத்திக் கேட்கக்கூடும். சிட்டா (நில உரிமைப் பதிவு), அடங்கல் (பயிர்ப் பதிவு) நகலை வண்டியில் வைத்திருங்கள். சிட்டாவை அரசின் நில ஆவண இணையதளத்தில் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், அடங்கலுக்குக் கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். குத்தகை நெல் என்றால் நிலத்துக்காரர் பெயரில் உள்ள நகல் போதுமா என்பதையும் அந்த அலுவலரிடமே கேட்டுவிடுங்கள்.

9. மிச்சத்தை விற்க நினைத்தால் வேண்டிய காகிதங்கள்

உறவினர்களுக்குக் கொடுத்தது போக, நாலு பேர் காசு கொடுத்துக் கேட்கத் தொடங்குவார்கள். நெல்லாக விற்கும் உழவருக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பதிவு வேண்டாம். அவித்து அரைத்து அரிசியாகப் பையில் போட்டு விற்றால் வேண்டும்.

சிறு அளவு வியாபாரத்துக்கு, மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் அடிப்படைப் பதிவு போதும். அதன் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். புகைப்படம், ஆதார் போன்ற அடையாளச் சான்று, தொழில் நடக்கும் இடத்தின் முகவரிச் சான்று ஆகியவை கேட்கும். அரசுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். முகவர் வழியாகப் போனால் இதற்கே ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். அந்தப் பணம் பதிவுக்காகப் போவதில்லை, அவருடைய கூலி. விண்ணப்பித்த ஏழு நாளுக்குள் பதிவு தர வேண்டும், அல்லது மறுப்போ ஆய்வு அறிவிப்போ வர வேண்டும் என்பது விதி. கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பையில் அச்சிட வேண்டும். அத்துடன் பொருளின் பெயர், நிகர எடை, அதிகபட்ச விற்பனை விலை, பொதி செய்த தேதி, உங்கள் முகவரி, தொடர்பு எண் ஆகியவையும் வேண்டும்.

25 கிலோவும் அதற்குக் கீழும் உள்ள, பெயரும் எடையும் அச்சிட்ட பைகளுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி இருக்கிறது. பதிவு வரம்புக்குள் உள்ள சிறு விற்பனையாளருக்கு உடனே அது வராது. வெளிமாநிலத்துக்கு அனுப்பத் தொடங்கும் முன் கணக்காளர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.

“இயற்கை விவசாய அரிசி” என்று பையில் போடுவதற்கு முன் நிதானியுங்கள். கடைகள் வழியாக அப்படி விற்க சான்றிதழ் தேவை. பிஜிஎஸ் என்னும் உழவர் குழுச் சான்றிதழ் முறை சிறு விவசாயிகளுக்குச் செலவு குறைந்தது, ஆனால் பயிர் காலத்திலிருந்தே அதைத் தொடங்க வேண்டும். அரிசி கையில் வந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

தொழிலாகவே செய்ய நினைப்பவர்கள் தஞ்சாவூர் புதுக்கோட்டைச் சாலையில் உள்ள நிஃப்டெம் நிறுவனத்துக்கு ஒரு முறை போய்வாருங்கள். மத்திய அரசின் உணவுப் பதப்படுத்தும் ஆராய்ச்சி நிறுவனம் அது. பயிற்சிகளும் உணவுப் பரிசோதனைக் கூடமும் இருக்கின்றன. ரகங்கள் பற்றிய சந்தேகங்களுக்கு ஆடுதுறையில் உள்ள நெல் ஆராய்ச்சி நிலையம்.

10. வீட்டில் வைத்துக்கொள்ளுதல்

மில்லிலிருந்து வந்த அரிசி சூடாக இருக்கும். அதை அன்றே டிரம்மில் கொட்டி மூடிவிடாதீர்கள். பாயில் பரப்பி ஒரு இரவு ஆறவிடுங்கள். தவிடு ஒட்டியிருக்கும் அரிசியில் வண்டு சீக்கிரம் வரும், எனவே மூன்று மாதத்துக்கு மேல் சேர்த்து அரைக்க வேண்டாம். மீதியை நெல்லாகவே வைத்திருங்கள். காய்ந்த வேப்பிலையும் வசம்பும் போட்டு, தரையில் படாமல் பலகை மேல் டிரம்மை வையுங்கள்.

முதல் சோறு வடிக்கும்போது கடை அரிசிக்கு வைக்கும் நேரத்தை நம்பாதீர்கள். லேசாகத் தீட்டிய அரிசிக்குக் கூடுதல் தண்ணீரும் கூடுதல் நேரமும் வேண்டும். அரை மணி ஊறவைத்து உலையில் போட்டு, பதினைந்து நிமிடத்துக்குப் பிறகு அடிக்கடி ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பாருங்கள். எத்தனை நிமிடத்தில் வெந்தது என்று அந்த ரகத்தின் பெயரோடு டிரம் மூடியிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.